கூண்டுக்கு வைத்த முழுக்கை

என் தங்கை ஈ வளர்க்கிறாள். நான் தையல்கடை வைத்திருக்கிறேன். "ஒருத்தி ஈ வளர்த்து சம்பளம் வாங்குறா, இன்னொருத்தன் கடையில உக்காந்து ஈ ஓட்டுறான். நான் பெத்தது ரெண்டும் ஈயை நம்பித்தான் இருக்கு" என்பாள் அம்மா. கடையில் கூட்டம் இருக்கும் நாளில் இதைச் சொல்லமாட்டாள் என்பதையும் குறிப்பிடுகிறேன்.

அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் எட்டாவதோடு நின்றேன், அவள் நிற்கவே இல்லை. அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது கடையில் நான் ஈ மருந்து அடித்தேன். எல்லா ஈயும் விழுந்தது. ஒன்று மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் கத்தரிக்கோல் மேல் வந்து உட்கார்ந்தது.

"இது மட்டும் ஏண்ணா சாகல?"

"அது தலையெழுத்து" என்றேன்.

பதினைந்து வருடம் கழித்து ஆய்வகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அண்ணா, அன்னைக்கு நீ சொன்னது சரிதான். எழுத்துதான்!"

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஈயின் நரம்பில் பொடிப்பொடியாகக் கதவுகள் இருக்கின்றன. மருந்து போய் அந்தக் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஈ வெட்டி வெட்டி இழுத்து, மல்லாந்து விழும். சில ஈக்களுக்குப் பிறவியிலேயே, அந்தக் கதவு எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பில் ஒரு எழுத்து மாறியிருக்கும். மருந்துக்குப் பிடி கிடைக்காது.

"அதாவது கொக்கி சரியா இருக்கு, வளையத்தை ஒரு நூல் தள்ளித் தைச்சிட்டாங்க" என்றேன்.

"அதேதான்!"

"மருந்து அடிச்சு அடிச்சுப் பழகிப்போச்சுன்னு நெனச்சேன்."

"பழகலண்ணா. மத்ததெல்லாம் செத்துப்போச்சு. செத்தது புள்ள பெக்குமா? தப்பிச்சது குடும்பம் நடத்துச்சு. நீ அதே மருந்தை அடிக்க அடிக்க அதோட வாரிசுதான் ஊரை ஆளும்."

ஆய்வகத்தில் அவளிடம் இரண்டு வம்சம் இருந்தன. ஒன்று கோழிப்பண்ணையில் பிடித்து வந்தது, மருந்துக்கு அசையாதது. அதற்கு அவள் வைத்த பெயர் ரவுடிகள். இன்னொன்று பல வருடமாக மருந்து வாசனையே காட்டாமல் வளர்த்தது. அவை நோஞ்சான்கள். ரவுடி எவ்வளவு தாங்குகிறது என்று சொல்ல நோஞ்சானோடுதான் ஒப்பிட வேண்டும். நோஞ்சான்தான் அவளுடைய அளவு டேப். டேப் இழுபட்டுவிட்டால் எடுத்த அளவெல்லாம் வீண் என்பது எனக்குப் பாடம் நடத்தாமலே புரியும்.

ஈக்கூண்டுக்கு ஒரு பக்கம் துணியில் கை வைத்திருப்பார்கள், நம் முழுக்கைச் சட்டைக்கு இருப்பதுபோல. அதற்குள் நம் கையை விட்டுத்தான் பால்பவுடரும் சர்க்கரையும் வைப்பது, புழு வளரும் தவிட்டுக் கிண்ணத்தை எடுப்பது எல்லாம். முதலில் அவளே என் மெஷினில் ஒரு கை தைத்தாள். ஓரம்கூட மடிக்கவில்லை, நூல் தொங்கியது, தையல் பாம்பு மாதிரி போனது. "இது என் கடையில தைச்சதுன்னு வெளிய சொல்லிடாத" என்றேன். பிறகு பன்னிரண்டு கூண்டுக்கும் நானே தைத்தேன். பதினெட்டு அங்குல நீளம், வாயில் எலாஸ்டிக், ஓரம் அரை அங்குலத்தில் இரட்டை மடிப்பு. மாதாமாதம் துவைத்துக் கொடுப்பதும் நானே.

டாக்டர் பட்டத்துக்கு அவள் எழுதிய ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க ஒரு மாதம் இருந்தது. வழக்கம்போல நூறு நோஞ்சான்களை மருந்து தடவிய பாட்டிலில் விட்டாள். நூறும் விழ வேண்டும், அதுவரை விழுந்துகொண்டும் இருந்தன. அன்று ஏழு விழவில்லை. பாட்டில் சுவரில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் விருந்தாளிபோலக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தனவாம்.

ஏழிலும் அந்த எழுத்து மாறியிருந்தது. பன்னிரண்டு கூண்டில் நோஞ்சான் இருந்த ஆறிலும் ரவுடி இரத்தம் கலந்துவிட்டது. "நோஞ்சான் சுத்தமா இல்லேன்னா இந்த வருஷம் புத்தகம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டார் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம்.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. "எங்க புகுந்துச்சுன்னே தெரியலண்ணா. கூண்டுல ஓட்டை இல்ல."

ஓட்டை என்றதும் எனக்கு என் தையல்தான் நினைவுக்கு வந்தது. துவைக்க வந்திருந்த கைகளை விளக்கடியில் விரித்து, ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். ஒரு தையல் விட்டிருக்கவில்லை. பெருமையோடு மடிப்பைத் தடவினேன். உள்ளே ஏதோ நெரிந்தது. பிரித்தேன். பழுப்பு நிறத்தில், அரிசி அளவில், வரிசையாகக் கூட்டுப்புழுக்கள்!

கிண்ணத்திலிருந்து ஊர்ந்து வந்த புழுக்கள், இருட்டாக, காய்ந்து, கதகதப்பாக இருந்த என் இரட்டை மடிப்பைக் கண்டுபிடித்திருந்தன. அவள் கொதிக்கும் தண்ணீரில் போடச் சொல்லியிருந்தாள். எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்று நான் பச்சைத் தண்ணீரில் அலசினேன். போதாததற்கு, வெளுப்பு வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். எந்தக் கை எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்று பார்க்கவே இல்லை. ரவுடிகளை மடித்துக் கட்டி நோஞ்சான் வீட்டுக்கு மாப்பிள்ளையாக அனுப்பியவன் நான்தான்.

சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. "புழுவுக்குத் தொட்டில் தைச்சிருக்கியேண்ணா!"

"எல்லாம் என் கையாலதான் கெட்டுச்சு."

"எல்லாக் கூண்டுக்கும் நீயா தைச்ச?" என்றாள். சட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணா, கடைசி ரூம்ல பதிமூணாவது ஒண்ணு இருக்கு!"

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்த நோஞ்சான் கூண்டு அது. அதில் மாட்டியிருந்தது அவள் தைத்த கோணல் கை. நான் சிரித்த ரோஷத்தில் அதை ஒருநாளும் என் துவையலுக்கு அனுப்பியதில்லை, அங்கேயே வெந்நீரில் போட்டுக்கொள்வாள்.

மறுநாள் அதிலிருந்து நூறு ஈயைப் பாட்டிலில் விட்டாள். நான் கடையில் ஒரு பட்டன்கூடத் தைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றே கால் மணிக்குப் போன் வந்தது. "நூறும் மல்லாக்கப் படுத்திருச்சுண்ணா!" ஒரு உயிர் செத்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்டது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் முறை. எழுத்தையும் பார்த்தாள், மாறவில்லை. மிச்சமிருந்த நோஞ்சான்கள் இரண்டு தலைமுறை பெருகின, புத்தகம் சொன்ன தேதியில் போனது. இப்போது அவள் டாக்டர். ஊசி போடமாட்டாள்.

போன வாரம் ரவிக்கை வாங்க வந்த அம்மா ஒருவர், மெஷின் மேல் கிடந்த கூண்டுக் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன டெய்லரே, ஓரம் அடிக்காம நூல் தொங்குது? உங்க வேலை மாதிரியே இல்லையே!"

கை பரபரத்தது. ஆனாலும் மடிக்கவில்லை.

"இது என் தங்கச்சி மாடலும்மா" என்றேன்.