ஸ்டியரிங்கில் இருந்த கை

பேய்க் கதை சொல்கிறவர்களை நடுவில் மறித்து, "அப்போ கரெண்ட் இருந்துச்சா, நீங்க கண்ணாடி போட்டிருந்தீங்களா" என்று குறுக்குக் கேள்வி கேட்டு மானத்தை வாங்குகிற ஆள் நான். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எங்கள் தெருக் கிணற்றில் யாரோ அழுகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியபோது, அது மோட்டார் குழாயில் காற்று ஏறிய சத்தம் என்று நானே போய்க் காட்டி அதை முடித்துவைத்தேன். படுக்கும் முன் அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டால், "இதுக்கு பதிலா கொசுவத்தி வெச்சா தூக்கமாவது வரும்" என்பேன். அப்படிப்பட்ட ஜெசிந்தா இதைச் சொல்கிறாளா என்று நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் எழுந்தே போயிருப்பேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு பாண்டிச்சேரியில் வெளிநாட்டுக் கார் விற்கிற ஷோரூம் ஒன்றில் வேலையில் இருந்தேன். வண்டி வாங்குகிறவர்களுக்கு அதில் உள்ள வசதிகளைச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அதிலே எனக்குப் பிடித்தது, தானாகவே பார்க்கிங் செய்கிற வசதி. ரோட்டு ஓரத்தில் வரிசையாக நிற்கிற இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைந்து நிறுத்துவது இருக்கிறதே, அதற்குத்தான் பாதிப் பேருக்கு வேர்க்கும். அந்த வேலையைக் காரே செய்துவிடும்.

மாயமெல்லாம் ஒன்றும் கிடையாது. முன் பம்பரின் ஓரங்களில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டங்கள் பதித்திருக்கும், அதுதான் சென்சார். நாம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகும்போது அது நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டே வரும், வௌவால் செய்கிற அதே வேலை. சத்தம் சட்டென்று திரும்பி வந்தால் பக்கத்தில் வண்டி நிற்கிறது, திரும்பி வர நேரமானால் காலி இடம். அந்த இடத்தின் நீளத்தைக் கணக்குப் போட்டு, போதும் என்றால் திரையில் காட்டும். ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, ஒரு பட்டனை அழுத்த வேண்டும், உள்ளே இருக்கிற மோட்டார் அதைத் தானாகத் திருப்பும். பிரேக் மட்டும் நம் காலில். கால் உங்களுடையது, கை அதனுடையது என்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் யாராவது ஸ்டியரிங்கைப் பிடித்தால் உள்ளே இருக்கிற இன்னொரு சென்சாருக்கு அந்த இழுப்பு தெரிந்துவிடும், ஓட்டுகிறவர் கை வைத்துவிட்டார் என்று திரையில் போட்டுவிட்டு வேலையை நிறுத்திவிடும். நம் ஊர் ஆட்கள் லேசில் கையை எடுக்க மாட்டார்கள், அதனால் "கையை எடுத்துடுங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டும்.

சிதம்பரத்துக் குமரவேல் சார் வண்டி எடுத்த அன்று நானும் கூடவே போனேன். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், பூர்வீகம் குமராட்சிப் பக்கம், விவசாயக் குடும்பம். வழியில் கடலூர் சில்வர் பீச்சில் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு தரம் செய்து காட்டினேன், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. சுண்டல் விற்கிறவர்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். சார் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார், அப்புறம் சிதம்பரம் ரோட்டில் ஏறியதும் பேச்சு குறைந்துபோனது.

"அப்பாவ நெனச்சாதான் ஒரு மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

அவர் அப்பாவிடம் ஒரு அம்பாசடர் இருந்திருக்கிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் பிரசவத்துக்குத் துடிக்கிற பெண்களை அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாராம். வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டார், பெற்ற மகனைக்கூட. நிறுத்தினால் சக்கரத்தை நேராக வைத்துவிட்டுத்தான் இறங்குவார், கோணலாக விட்டுவிட்டு இறங்குகிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பாராம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு, வாசலைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலில் படுத்துக்கொண்டு தன் வண்டியைப் பார்த்தபடியே பொழுதைப் போக்கியிருக்கிறார். அந்த வண்டியைத்தான் சார் அவருக்குத் தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டார்.

"கேட்டா, ஷெட்ல வுட்டிருக்கு, வந்துடும்னு சொல்லி வெச்சிருக்கோம். தெனம் சாயங்காலம் கேக்குறாரு மேடம், வண்டி வந்துச்சா, வண்டி வந்துச்சான்னு. வாய் கொழறும், ஆனா அது மட்டும் நல்லா புரியும்."

இப்போது அதே இடத்தில் இந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்தப் போகிறோம். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அடுத்தவர் வீட்டு விவகாரம், நான் என்ன சொல்ல.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெரு. பொழுது சாய்கிற நேரம். வீட்டு வாசலில் ஒரு வேனுக்கும் ஒரு ஜீப்புக்கும் நடுவே அந்த இடம் காலியாகக் கிடந்தது. வண்டியை விற்று இத்தனை நாள் ஆகியும் தெருவில் வேறு யாரும் அங்கே நிறுத்தவில்லை. பெரியவருக்கான மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சாரின் மனைவி வசந்தா அக்கா ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றார். சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் குங்குமமும் சேர்த்து, ஒரு இடம் விடாமல் பொட்டு வைத்தார். ஸ்டியரிங்கில் நடுவிலே, மேலே, இரண்டு பக்கமும் என்று நன்றாக ஈரமாகவே வைத்தார். அப்புறம் பம்பரைப் பார்த்து அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பரவால்லியே, பொட்டு வெக்கிறதுக்குன்னே வட்ட வட்டமா எடம் வுட்டிருக்கானே!"

ஒவ்வொரு சென்சாரின் மேலும் கச்சிதமாக ஒரு சந்தனம், அதன் மேல் ஒரு குங்குமம். சொல்லித் தடுப்பதற்குள் வைத்து முடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து குமரவேல் சார் ஜன்னல் பக்கம் குனிந்து, சந்தோஷத்தில் வாய் தவறி, "அப்பா, வண்டி வந்துடுச்சுப்பா!" என்றார். உள்ளே கட்டிலில் அந்த முகம் திரும்பியதை நான் பார்த்தேன். என்ன ஒரு வெளிச்சம் அந்த முகத்தில். குழறிக்கொண்டு ஏதோ கேட்டார். "என் வண்டியா?" என்று கேட்டதாக எனக்குப் பட்டது. சார் காருக்குள் ஏறிக்கொண்டார். பெரியவரின் கண் எங்கள் புது வெள்ளைக் காரின் மேல் வந்து நின்றது, அப்படியே நின்றது.

சரியாக அப்போது கரெண்ட் போனது. தெருவே இருண்டு, எங்கள் ஹெட்லைட் மட்டும்தான் வெளிச்சம். அக்கம்பக்கத்துக் கூட்டம் வேடிக்கைக்கு நின்றது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பொட்டு அழியக் கூடாதென்று சார் ஸ்டியரிங்கை அடியில் மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினார். ஜீப்பைத் தாண்டி, காலி இடத்தைத் தாண்டி, வேன் வரைக்கும் போனோம். திரையில் இடம் இல்லை என்று வந்தது.

அது வருமென்று எனக்குத் தெரியும், சென்சார் மேல் சந்தனம் அப்பியிருந்தால் அது எதைப் பார்க்கும். இறங்கி, அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஈரத்துணியால் எல்லா வட்டத்தையும் பளிச்சென்று துடைத்தேன். சுற்றிக்கொண்டு மறுபடி வந்தோம். மறுபடியும் இடம் இல்லை. நம்பினால் நம்புங்கள், சும்மா இடம் இல்லை என்று சொல்லவில்லை, ஜீப்புக்கும் வேனுக்கும் நடுவே ஒரு வண்டி நிற்பது மாதிரி திரையில் இடைவெளியே விடாமல் காட்டியது. சத்தம் எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால்தான் அது அப்படிக் காட்டும். நான் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன். வெறும் தரை. ஆயில் சொட்டிச் சொட்டிக் கறுத்துப்போன தரை.

"இன்னா மேடம், பீச்சுல நல்லாதானே போச்சு" என்றார் சார். குரலில் எரிச்சல். தெருவே பார்க்கிறது, அவருக்குக் கௌரவப் பிரச்சினை.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. சிஸ்டத்தை அணைத்துப் போட்டு இன்னொரு தரம் வரச் சொன்னேன். இந்தத் தடவை இடம் இருக்கிறது என்று காட்டியது. அப்பாடா என்று, "கையை எடுத்துடுங்க சார்" என்றேன். எடுத்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் தானாகத் திரும்ப ஆரம்பித்தது, கார் மெல்லப் பின்னால் போனது. பாதியில் ஸ்டியரிங் நின்றது. ஓட்டுகிறவர் கை வைத்துவிட்டார் என்று திரையில் வந்தது.

"சார், கைய எடுக்கச் சொன்னேன்ல."

"எங்க மேடம் வெச்சேன்? இதோ பாருங்க, ரெண்டும் இங்கதான் இருக்கு."

முழங்கால் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். படவில்லை. என் கை என் பையின் மேல் இருந்தது. எனக்குப் பின்கழுத்து சில்லென்று ஆனது, ஆனால் வாய் மட்டும், "வயரிங்ல ஏதோ லூஸ் காண்டாக்ட், இன்னொரு தரம் பாக்கலாம்" என்றது. அப்போதே, வேண்டாம் சார், நீங்களே ஓட்டி நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை.

முன்னால் எடுத்து, மறுபடி ரிவர்ஸ். ஸ்டியரிங் திரும்பியது, திணறியது. மோட்டார் ஒரு பக்கம் இழுக்க, எதுவோ மறுபக்கம் இழுக்க, அந்த வட்டம் நடுங்குவதை நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம். பிடி பலமாக இருந்தால் சிஸ்டம் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பலம் குறைந்துகொண்டே வந்த பிடி அது. சார் உதடு அசைந்தது. "வுடுப்பா" என்று முணுமுணுத்தார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, நான் இன்றுவரை கேட்கவில்லை. சட்டென்று ஸ்டியரிங் விடுபட்டுச் சுழன்றது. கார் ஒரே சீராக உள்ளே போய் நின்றது. தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து வசந்தா அக்காவின் அலறல் கேட்டது.

எமர்ஜென்சி லைட்டோடு உள்ளே போனவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். நாங்கள் ஓடியபோது பெரியவருக்கு மூச்சு இல்லை. கண் ஜன்னல் பக்கமே இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மாதக்கணக்காக அசையாமல் கிடந்த வலது கையும் சேர்ந்து, இரண்டு கைகளும் மார்புக்கு மேலே தூக்கி நின்றன, விரல்கள் எதையோ வளைத்துப் பிடித்த மாதிரி. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்குப் பங்காளிகள் எவ்வளவோ அமுக்கிப் பார்த்தும் அந்தக் கைகள் சேரவில்லை.

அதற்கு நான் காரணம் சொல்வேன். உயிர் போகும்போது தசை இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சொல்ல முடியாதது வேறு. வசந்தா அக்கா அந்த விரல்களை மெல்ல விரித்தார். லைட்டைப் பிடித்திருந்தவள் நான். இரண்டு உள்ளங்கையிலும் சந்தனம், ஈரம் காயாத சந்தனம், அதில் குங்குமம் கலந்து சிவந்திருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாமாவுக்கு நெத்தியில திருநீறு மட்டும்தாம்மா வெச்சேன்" என்றார். அப்புறம் வேறு யாரும் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டார்.

நான் வெளியே வந்து காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நடுப் பொட்டும் மேல் பொட்டும் அப்படியே இருந்தன. பக்கத்துக்கு ஒன்றாக வைத்த இரண்டும் இழுபட்டு, விரல் விரலாகத் தேய்ந்திருந்தன. சார் கையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

சில மாதம் கழித்து சார் போன் செய்தார். கார் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு செட்டிங் மட்டும் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வர முடியுமா என்றார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். பட்டப்பகல். அதே இடம், இந்தத் தடவை முதல் முயற்சியிலேயே கார் அழகாக உள்ளே போய் நின்றது. ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் திரும்பியபடியே இருந்தது. எங்கள் சிஸ்டம் அதை நேராக்காது, விட்ட இடத்தில் விட்டுவிடும். சார் இன்ஜினை அணைத்தார், சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மூடிக் கிடந்த ஜன்னலைப் பார்த்து, தினமும் சொல்லிப் பழகியவர் மாதிரி, "வண்டி வந்துடுச்சுப்பா" என்றார்.

ஸ்டியரிங் மெதுவாகத் திரும்பி நேராக வந்து நின்றது.

டயர் முறுக்கு விடும்போது ஸ்டியரிங் கொஞ்சம் அசையும், அது எனக்கும் தெரியும். கொஞ்சம்தான் அசையும், இது முழுசாகத் திரும்பியது.

"இது செட்டிங்கா மேடம்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. "ஆமா சார், செட்டிங்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். "கையை எடுத்துடுங்க சார்" என்று சொல்கிறேன், வண்டிக்காரர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்து இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறேன்.