இடது செருப்பை விட்டுவிட்டு ஏறவும்

இதுவரை உலகத்தில் கப்பல் ஓட்டிய தளபதிகளையெல்லாம் பிடித்து வந்து தராசின் ஒரு தட்டில் நிறுத்தி, மறு தட்டில் என் சித்தப்பாவை மட்டும் உட்காரவைத்தால், தளபதிகள் தட்டு மேலே எகிறி மேகத்தில் முட்டும். அவர்களுக்கு என்ன பெரிய வேலை? வெறும் கடல்தானே. என் சித்தப்பா ஏரி பார்க்கிறார். அந்த ஏரியில் வாத்து வடிவ மிதிபடகுகள் வைத்திருக்கிறார். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த நிஜ வாத்துகள்கூட அவரிடம் வந்து, நேராக நீந்துவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகின்றன. அவருக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் அவற்றிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

மனிதருக்கு இரண்டு கண், இரண்டு காது, ஒரே ஒரு குணம். சந்தேகம். பால் வெள்ளையாக இருந்தால், “ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு?” என்பார். வானம் மூடிக்கொண்டு வந்தால், இதை யார் அனுப்பினார்கள் என்பதுபோல அண்ணாந்து பார்ப்பார். நான் யாரும் எழுப்பாமல் எழுந்து பல் தேய்த்துவிட்டால், அன்று முழுக்க என் பின்னாலேயே சுற்றுவார். இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் அவரைத் தப்பு சொல்ல முடியாது.

அம்மாவும் அப்பாவும் வெளியூரில் வேலை பார்ப்பதால் நான் சித்தப்பா வீட்டில் இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. பதிலுக்கு நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். அன்றிலிருந்து படகுத்துறையில் செருப்பு இலாகா என் பொறுப்பு.

செருப்பு இலாகா என்றால் இதுதான். சித்தப்பாவின் படகில் ஏறுகிற யாராக இருந்தாலும் இடது கால் செருப்பை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். நான் அதை வாங்கிப் பலகையில் வரிசையாக அடுக்குவேன். சுற்றுலா வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

“எதுக்குங்க செருப்பு?”

“நீங்க திரும்பி வரணும்ல.”

“ஏரியிலேர்ந்து எங்க போயிடுவோம்? வாத்தை வீட்டுக்கா தூக்கிட்டுப் போவோம்?”

“எனக்கென்ன தெரியும்? மூஞ்சியப் பாத்தா தூக்கறவர் மாதிரிதான் இருக்கு.”

ஏன் ஒன்று மட்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். “ரெண்டையும் வாங்கிட்டா வெறுங்காலோட ஓடிடுவான். ஒண்ணு கால்லயே கெடந்தா, இன்னொண்ண விட்டுட்டுப் போக மனசு வராது” என்றார். அது ஏன் இடது? “எல்லாருதும் ஒரே காலா இருந்தாதான், அடுத்தவன் செருப்புல ஒரு ஜோடி சேத்து மாட்டிட்டுப் போக முடியாது.” இந்த மூளை ஒரு பெரிய கம்பெனியில் இருந்திருந்தால் அந்தக் கம்பெனி பக்கம் ஒரு வாடிக்கையாளர்கூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

கூட்டம் இருந்த காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இல்லை. வரிசை படிக்கட்டு வரை நிற்கும். திட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்கள். நானும் சும்மா இருக்காமல் செருப்புகளை இடம் மாற்றி வைப்பேன். பெருத்த உடம்புக்காரர் ஒருவர் குழந்தைச் செருப்பின் மேல் கட்டைவிரலை மட்டும் ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். துறையில் எல்லோரும் சித்தப்பாவை ‘இடதுகால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முன்னால் அல்ல.

பிறகு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கண்ணாடிப் பாலம் ஒன்று கட்டினார்கள். காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு தெரியுமாம். வண்டிகளெல்லாம் அங்கே திரும்பிக்கொண்டன. “காசு குடுத்து வயித்தக் கலக்கிக்கப் போறாங்க” என்றார் சித்தப்பா. ஆனால் போனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரைப் பார்க்க வேண்டுமே! லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் சித்தியை, அறைக்கு ஆள் வந்தால் மட்டும் கூப்பிடுகிறார்கள். சித்தி சேலை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் திரும்பப் பழையதைக் கட்டிக்கொள்கிறாள். சோளம் சுட்டு விற்கும் அக்கா, தூரத்தில் தலை தெரிந்த பிறகுதான் அடுப்பையே மூட்டுகிறாள். அந்தத் தலை பக்கத்தில் வந்தால் போட்டோக்காரராக இருக்கும். போட்டோக்காரர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்களையே எடுத்துப் பார்த்துவிட்டு அழித்துக்கொண்டிருந்தார். “சீசன் எப்படி?” என்று யாராவது கேட்டால், கெட்ட வார்த்தை பேசினவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

துறையில் எங்களுக்கு எதிர்ப் பக்கம் இன்னொரு படகுக்காரர் உண்டு. பெயர் ஸ்பீக்கர். தொண்டையில் வைத்தே பிறந்தவர். “வாங்கண்ணா! வாங்கக்கா! வாத்து கூப்பிடுது!” என்று கத்தினால் மறுகரையில் எதிரொலிக்கும். அவர் செருப்பு கேட்பதில்லை. ஏறுகிறவர்களோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார். வந்து போனவர்கள் போனில் போடுகிற மார்க்கில் அவருடைய துறைக்கு ஏறக்குறைய முழு ஸ்டார். எங்களுக்கு இரண்டும் கொஞ்சமும். கீழே மக்கள் எழுதியிருந்ததைப் பாருங்கள்: ‘படகு நன்று. ஓனர் என்னை ஜெயிலில் இருந்து தப்பி வந்தவன் மாதிரி பார்த்தார்.’ ‘என் மாமியார்கூட என்னை இப்படிச் சந்தேகப்பட்டதில்லை.’

ஏரியை நடத்துகிற மேனேஜர் ஒருநாள் வந்து இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“வர்ற ஆளுக்கு ரெண்டு துறை ஜாஸ்தி. சீசன் முடியற வரைக்கும் ஒருத்தர்தான். ஸ்டார் யாருக்கு அதிகமோ அவர் இருக்கட்டும். மாசக் கடைசியில வந்து பாப்பேன். இன்னொருத்தர் படகைத் தூக்கிடணும்.”

“சீசன் ஆரம்பிக்கவே இல்லியே சார், அது எப்படி முடியும்?” என்றார் சித்தப்பா. மேனேஜர் சிரிக்கவில்லை.

இந்த ஊரில் வேறு தண்ணீர் கிடையாது. துறை போனால் வாத்துகளை வீட்டிலா கட்டிவைப்பது? அன்று சித்தப்பா சாப்பிடாமல், ஒரு வாத்தின் அலகில் உரிந்திருந்த மஞ்சள் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் போனில் எங்கள் துறைக்கு நானே ஸ்டார் போட்டு எழுதினேன். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி நான்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர் நான்தான். வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டரும் நான்தான். டாக்டர் என்பதால் இரண்டு எழுத்துப்பிழை வேண்டுமென்றே விட்டேன், மற்றவை தானாக விழுந்தவை. ‘தங்கமான மனிதர்!’ ‘சிரித்த முகம்!’ சிரித்த முகம் என்று எழுதும்போது எனக்கே கை கூசியது. கடைசியாக ஒன்று மட்டும் கொஞ்சம் நேரம் யோசித்து எழுதினேன். அதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஸ்டார் மளமளவென்று ஏறியது. நான்தான் மறந்துபோனேன், அது யாருக்கு ஏறுகிறது என்பதை.

முதலில் ஸ்பீக்கர்தான் பார்த்துவிட்டுக் கத்தினார். “அண்ணே! ஊரே உங்களத் தலையில தூக்கி வெச்சு ஆடுது! சிரிச்ச முகமாமே? எனக்கு ஒருதரம் காட்டுங்கண்ணே, நானும் பாத்துக்கறேன்!”

சித்தப்பா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். என்னப் பத்தி எவன் நல்லது எழுதுவான்?”

“நல்லதுதான எழுதியிருக்காங்க, விடுங்களேன்” என்றாள் சித்தி.

“திட்டி எழுதினா நம்பலாம். அது நெசமா இருக்கும். நல்லது எழுதினாதான்டி பயப்படணும். இது அந்த ஸ்பீக்கர் வேலை. அவனே எழுதிட்டு, நாளைக்கு மேனேஜர்கிட்ட போயி, ‘பாருங்க சார், பொய்யா எழுத வெச்சிருக்கான்’னு மாட்டி விடுவான்.”

“அப்படி இல்லன்னா?”

“இல்லன்னா இன்னும் பெருசா ஏதோ இருக்கு.”

மறுநாளிலிருந்து விசாரணை. சோளக்கார அக்காவிடம் போனார். “நீங்கதான் என்னப் பத்தி எழுதினதா?”

“உங்களப் பத்தி நல்லதாவா? எனக்கென்ன கிறுக்கா?”

“சரி, நீங்க இல்ல” என்று திருப்தியாகத் திரும்பினார். போட்டோக்காரர் கடவுள்மேல் சத்தியம் செய்தார். சத்தியம் செய்ததாலேயே அவர் சந்தேகப் பட்டியலில் மேலே போனார். சித்தியிடம், “உன்ன நான் சந்தேகப்படல. ஆனா நேத்து நீ போனப் பாத்து சிரிச்ச” என்றார். சித்தி அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. உப்பில்லாததற்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று அவர் யோசித்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஊரில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் நான். அதற்குக் காரணமும் சொன்னார்: “நீ ஒரு பக்கம் முழுசா எழுதற ஆளா இருந்தா பள்ளிக்கூடத்துலயே இருந்திருப்பியே. நீதான் போன் பாக்கறவ. எவன்னு கண்டுபிடிச்சு சொல்லு.”

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் தலையை ஆட்டினேன்.

இதற்கு நடுவே நிஜமாகவே ஒரு ஜோடி வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு, துறையின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நேராகச் சித்தப்பாவிடம் வந்தார்கள்.

“இங்க ஒரு தங்கமான மனுஷர் இருக்காராமே. எப்பவும் சிரிச்ச முகமா இருப்பாராம். அவர் படகுலதான் போகணும்.”

சித்தப்பா அவர்களை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்தார்.

“அப்படி யாரும் இந்தத் துறையில இல்ல. யாரோ உங்கள ஏமாத்தியிருக்காங்க.”

“இல்லீங்க, படம்கூட இந்த வாத்துதான்…”

“யாரு அனுப்பினா உங்கள?”

அவர்கள் இரண்டு அடி பின்னால் வைத்து, அப்படியே திரும்பி ஸ்பீக்கரிடம் போய்விட்டார்கள். அங்கே வாத்து கூப்பிட்டது. நான் காலிப் பலகையைத் துணியால் துடைத்தேன். அதில் தூசிதான் இருந்தது, செருப்பு வந்து எத்தனையோ நாள் ஆயிற்று.

மாசக் கடைசியில் மேனேஜர் வந்தார். தன் போனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். “பரவாயில்லியே! நீங்க அவரத் தாண்டிட்டீங்க.”

அங்கேயே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். என் சித்தப்பாவா மூடுவார்?

“இதெல்லாம் பொய் சார். நான் அவ்வளவு நல்லவன் கெடையாது. எவனோ வேணும்னே எழுதியிருக்கான்.”

“யாரு மேல சந்தேகம்?”

சித்தப்பா எதிர்ப் பக்கம் பார்த்தார். ஸ்பீக்கரின் முகம் வெளுத்துவிட்டது. முதல் தடவையாக அவர் குரல் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத அளவுக்கு வந்தது. “அண்ணே… சத்தியமா நான் இல்லண்ணே. என் வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க.”

மேனேஜர் கையை உதறினார். “இங்க பாருங்க. பொய் எழுதினவங்களுக்கு இந்த ஏரியில எடம் இல்ல. அவர்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே அவர் படகை ஏத்தி அனுப்பிடறேன். துறை உங்களுக்கு.”

ஒரே ஒரு வார்த்தை. வாத்துகள் அங்கேயே இருக்கும். சித்தப்பா சாப்பிடுவார். நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஸ்பீக்கரைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைத்து ஏரியைப் பார்த்தேன். தண்ணீரிலும் அவர்தான் தெரிந்தார்.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். “ஏய், அதுங்கள எடுத்து ஒருதரம் படி. என் காதால கேட்டுட்டே சொல்லிடறேன். அவன் வாய்ப் பேச்சு எனக்குத் தெரியும், எழுதினதுலயும் வரும்.”

போனை எடுத்துப் பட்டனை அமுக்கினேன். சீக்கிரம் முடியட்டும் என்று கடைசியாக எழுதியதிலிருந்தே ஆரம்பித்தேன்.

“‘இவரைப் பார்த்தால் கோபக்காரர் போல இருக்கும். செருப்பை வாங்கி வைத்துக்கொள்வார். நாம் படகைத் திருடிக்கொண்டு போய்விடுவோம் என்று பயப்படுகிறார் என்று நினைப்போம். ஆனால் நாம் கரைக்கு வந்து சேரும்வரை இவர் உட்காருவதில்லை. வெயிலோ மழையோ, நின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். பலகையில் கடைசிச் செருப்பும் போன பிறகுதான் டீ குடிப்பார்.’”

சோளக்கார அக்காகூட விசிறுவதை நிறுத்தியிருந்தாள். சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்று, என் கையிலிருந்த போனையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இவன் எழுதல சார்” என்றார். “விட்டுடுங்க.”

“இப்பதான சந்தேகம்னு சொன்னீங்க?”

“தீந்துடுச்சு.”

“அப்ப யாரு?”

“எழுதினத எல்லாம் அழிச்சுடச் சொல்றேன் சார். பழைய ஸ்டாரே இருக்கட்டும். அத வெச்சு நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி.”

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இந்த வெயிலில் இதற்கு மேல் நிற்க முடியாது என்பதுபோல் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த மாசமும் ரெண்டு பேரும் இருங்க. அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். ஸ்பீக்கர் அப்படியே படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மெதுவாகச் செருப்புப் பலகைக்குப் பின்னால் நகர்ந்தேன். துடைத்த பலகையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். சித்தப்பா வந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அதன் திரையை என் மூக்குக்கு நேரே திருப்பிப் பிடித்தார்.

“டவர் இல்ல. பக்கமே வரல, வட்டம் இன்னும் சுத்திட்டேதான் இருக்கு” என்றார். “நீ எதப் பாத்துப் படிச்ச?”