உபயகாரர் பெயரில் ஒரு தளம்

கோயில் குப்பை வாளியில்கூட உபயகாரரின் பெயர் எழுதுகிற ஊர் மடத்துவெளி. அங்கே பிறந்து வளர்ந்த சுலோஜனா வேறு எப்படி நடப்பாள்?

குறிகட்டுவான் வீதியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தவள், ஊருக்காக ஓர் இணையத்தளம் தொடங்கினாள். தளத்தின் பெயரைப் பதிய வங்கி அட்டை வேண்டியிருந்தது. ஒருகாலம் அநுராதபுரத்தில் கடை நடத்தி, இப்போது கனடாவில் இருக்கும் அரியநாயகம் தன் அட்டையைத் தந்தார். பதியும்போது 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் வந்தது. தந்த மனிசன் இருக்கத் தன் பெயரைப் போடுவது மரியாதை இல்லை என்று நினைத்து, அவர் பெயரையே போட்டாள் பைத்தியக்காரி.

பிறகு வருடக்கணக்காகச் செத்தவீடு செத்தவீடாகப் போய், படம் வாங்கி, மருமக்கள் பெயர்கூடப் பிழைக்காமல் மரண அறிவித்தல் போட்டவள் அவள்தான். பாரிஸிலும் இலண்டனிலும் ஊர்ச்சனம் தேத்தண்ணி குடிக்கமுதல் அதைத்தான் திறந்து பார்த்தது.

கனடாவில் ஊர்ச்சங்கம் இரண்டாக உடைந்தது. உடையாத ஊர்ச்சங்கம் எங்கே இருக்கிறது? அரியநாயகம் ஒரு பக்கம் நின்றார். சுலோஜனா எதிர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல் படங்களையும் போட்டாள். அரியநாயகம் தொலைபேசி எடுத்தார்.

"நீர் ஆரின்ரை தளத்தில ஆரைப் போடுறீர்?"

"இது ஊர்த் தளம்தானே, அண்ணை."

"என்ரை பேரில கிடக்கிற தளம், பிள்ளை."

அடுத்த நாள் அவளால் தளத்துக்குள் போக முடியவில்லை. முகவரியைத் திறந்தால் பொன்னாடையோடு அரியநாயகம் சிரித்தார்.

பெயரைப் பதிந்த நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் மரியாதையாகவே வந்தது. யாருக்குச் சொந்தம் என்று நாங்கள் தீர்ப்பதில்லை, பதிவில் இருப்பவரே எங்களுக்கு உரிமையாளர், நடுவரிடம் முறையிட்டால் முடிவு வரும்வரை எவரும் பெயரை மாற்றாதபடி பூட்டிவைப்போம் என்றார்கள். முறையிட்டாள். பூட்டினார்கள். பூட்டுக்குள் இருந்ததும் அந்தச் சிரிப்புத்தான். கடைசியில் நடுவரும், அரியநாயகம் தளத்தின் பெயரைக் களவாகப் பதிந்ததற்குச் சான்று இல்லை, மற்றதை நீதிமன்றத்தில் பாருங்கள் என்று கைகழுவிவிட்டார். பூட்டு அரியநாயகத்துக்கே திறந்தது. தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததைக் களவு என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வது?

வேறு பெயரில் ஒரு தளம் தொடங்கினாள். ஒரு சனமும் வரவில்லை.

போன பங்குனியில் அவளுடைய தகப்பன் தியாகலிங்கம் செத்துப்போனார். சுவிஸில் இருந்து தம்பி சுஜிதன் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, பழைய தளத்தில போடச் சொல்லுங்கோ. சனம் அதைத்தான் பாக்கும்."

பெற்ற தகப்பனைவிட ரோசம் பெரிதா? அவமானத்தை விழுங்கிக்கொண்டு அரியநாயகத்துக்கு அனுப்பினாள். படம், பிள்ளைகளின் பெயர், கிரியை நேரம் எல்லாம் சரியாகவே போட்டார். கீழே 'தகவல்: மகள் சுலோஜனா' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், 'உபயம்: அரியநாயகம் குடும்பம், கனடா' என்று கிடந்தது.

சுஜிதன் மறுபடி எடுத்தான். "அண்ணை வடிவாப் போட்டிருக்கிறார், என்ன? நான் எடுத்து நன்றி சொன்னனான். நீங்களும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"ஓம்" என்றாள் சுலோஜனா.