தேன் நிறக் கிண்ணம்

என் காகிதங்களைக் கேட்டு ஆவணக் காப்பகத்திலிருந்து ஆள் வந்தபோது நான் உயிரோடுதான் இருந்தேன். செய்தி காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் எதற்கும் என்னை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காரைக்குடியில் வீட்டுக்குள்ளிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வெளியே போகிறதென்றால், பெரும்பாலும் அதற்கு உடையவர் இருப்பதில்லை.

நான் சக்கரத்தில் கோப்பை, தட்டு, கிண்ணம் செய்து விற்கிறவள். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை, அதில் ஒரு சூளை. காப்பகத்துப் பெண் பொறுமைசாலி. கடிதங்கள், சூளைக் குறிப்புகள், கிளேஸ் தாள்கள் எல்லாவற்றையும் எலி கடித்தது உட்பட உறையில் போட்டுக்கொண்டாள். பாத்திரத்தின் மேல் கண்ணாடி மாதிரி உருகிப் படிகிற பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தாள் வைத்திருந்தேன். அதைப் பூசிச் சுட்ட சின்ன மண் வில்லை ஒன்றும் வைத்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே எண். வில்லைகளையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"பொருள் நாங்க எடுக்கிறதில்லம்மா. காகிதம் மட்டுந்தான்" என்றாள்.

எனக்கென்ன வந்தது? கொட்டகையில் ஒரு மூலை காலியானதே போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் வில்லைகளைத் துடைத்து அடுக்கும்போது தேன் நிறத்தில் ஒன்று கைக்கு வந்தது. பின்பக்கம் மார்க்கர் பேனாவால் நான் எழுதியிருந்தேன்: "ஈயம். சாப்பிட ஆகாது." தொழில் பழகிய புதிதில் செய்து பார்த்த கலவை. ஈயம் சேர்ந்தால் பூச்சு அப்படிப் பளபளக்கும். ஆனால் புளிப்போ சூடோ பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டில் இறங்கிவிடும். விவரம் தெரிந்த அன்றே வில்லையில் எழுதி வைத்தேன். நிறத்தைப் பார்த்து வில்லையை எடுத்த பிறகுதான் எங்கள் தொழிலில் தாளைத் தேடுவோம். எச்சரிக்கைக்கு அதுதான் சரியான இடம். தாளில் இருந்ததெல்லாம் அளவுகளும், நிறத்தைப் பார்த்த சந்தோஷத்தில் போட்ட மூன்று நட்சத்திரங்களும்தான். இப்போது தாள் அங்கே இருந்தது, வில்லை என் கையில் இருந்தது. யாராவது அந்தத் தாளைப் பார்த்துச் சோற்றுத் தட்டுக்குப் பூசியிருந்தால்?

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் டவுன் பஸ் ஏறினேன்.

காப்பகத்தில் என் பெட்டியின் மேல் என் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, அப்புறம் காலி இடம். பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன். தாள் வந்தது. நான் பேனாவைத் திறந்ததும் அந்தப் பெண் குறுக்கே கையை வைத்துவிட்டாள்.

"எழுதக் கூடாதும்மா."

"நான் எழுதுன தாளு தாயி இது."

"குடுத்துட்டீகல்ல. இனிமே நீங்க எழுதுனாலும் கிறுக்கல்தான்."

சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் நியாயம் அவள் பக்கம்தான்; ஆளாளுக்கு வந்து திருத்தினால் காப்பகம் எதற்கு? விஷயத்தைச் சொன்னேன்.

"ஈயச் சொம்புல ரசம் வைக்கிறாகளேம்மா?"

"அது வெள்ளீயம். இது காரீயம். சின்னப் புள்ளைகளுக்கு மூளையவே கெடுத்துரும்."

அவள் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சொல்லச் சொல்லத் தனித்தாளில் எச்சரிக்கையை எழுதி, அதே உறையில் முதலில் தெரியும்படி வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"ஒருத்தவுக இதப் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காகம்மா."

யாரென்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லையாம். "அப்ப நீயே போன் போடு" என்றேன். போட்டாள். எதிர்முனையில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

இளம்பெண் குரல், ஒரே சந்தோஷம். "அம்மா, நீங்களா? நான் சாக்கோட்டைல இருக்கேம்மா, நானும் சக்கரத்துல வேலை செய்யிறவதான். ஒங்க தேன் கலரு எனக்கு அப்பிடியே வந்துருச்சு. ஒரு நா கொண்டாந்து காட்டணும்னு இருக்கேன்."

"எதுலத்தா பூசுன?"

"ஒரே ஒரு கிண்ணந்தாம்மா. எம் மகளுக்கு. அதுலதான் தயிர்ச்சோறு திம்பா. வேற எதுல போட்டாலும் வாயவே தொறக்க மாட்டா."

பூச்சில் காரீயம் இருப்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். உடனே ரத்தப் பரிசோதனை செய், கிண்ணத்தை உடைத்துவிடு என்றேன். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அடுத்த வாரம் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, நிறுத்திவிட்டால் இறங்கும், சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணிப்பையிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள்.

"எனக்குக் கை வரலம்மா. நீங்களே ஒடைங்க."

வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு அவ்வளவு மெலிசு. பூச்சு எங்கும் வழியவில்லை. நான் செய்ததில் ஒன்றுகூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை. பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன். குழந்தை தன் கிண்ணத்தை அடையாளம் கண்டு இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள். நான் அதைச் சூளைக் கல்லில் ஓங்கி அடித்தேன்.

அவள் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அம்மாக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, குனிந்து சில்லுகளைப் பொறுக்கினேன்.