இருமிப் பார்த்த படம்

காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். டிக்கெட்டை நீட்டினாலும் முகத்தைப் பார்த்துத்தான் நம்புவார். ஓய்வு பெற்றபின் அந்தப் பார்வை வீட்டுக்குள் திரும்பியது. பாலில் தண்ணீரா, போனில் மனைவி யாரிடம் பேசினாள், எல்லாவற்றுக்கும் விசாரணைதான்.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைக்கவே, மனைவி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இதய டாக்டர் ஓர் இளம்பெண். தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழையைக் காட்டினார்.

"இதை மணிக்கட்டு வழியா ரத்தக்குழாய்க்குள்ள விடுவோம். இதுல வெளிச்சத்தை அனுப்பினா நுனியில இருக்கிற கறுப்புப் பூச்சு சூடாகி அதிரும். அதுதான் சத்தம். அது குழாய்ச் சுவர்ல பட்டுத் திரும்பும்போது படம் கிடைக்கும்."

"சத்தம் கேட்குமா?"

"காதுக்குக் கேட்காது."

"வெளிச்சமாவது தெரியுமா?"

"உடம்புக்குள்ள இருக்கும்போது எப்படிங்க தெரியும்?"

கேட்காத சத்தம், தெரியாத வெளிச்சம்! அவருக்குச் சுருக்கென்றது. போதாக்குறைக்கு, வராந்தாவில் மனைவி டாக்டரிடம் ஏதோ குசுகுசுத்தாள். அவரைக் கண்டதும் கப்சிப்.

மேஜையில் படுக்கவைத்து மணிக்கட்டை மரத்துப்போகச் செய்தார்கள். சற்று நேரத்தில் திரையில் சாம்பல் நிற வளையம் ஒன்று தெரிந்தது.

"இது என்னோடதுதானா? வேற யாரோட படத்தையாவது ஓட விட்டிருக்கீங்களா?"

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இருமினார். வளையம் குலுங்கியது. மறுபடி இருமினார். மறுபடியும் குலுங்கியது.

"ஐயா, உள்ள இழை இருக்கு! இருமாதீங்க!"

"என்னோடதுதான்," என்றார் திருப்தியாக.

குழாய்ச் சுவரில் ஒரு பக்கம் கொழுப்பு படிந்திருந்தது, வழி அடைபடவில்லை. மாத்திரையும் நடையும் போதும் என்றார் டாக்டர். இவ்வளவு சுலபமாகவா? கைவிட்டுவிட்டார்களோ? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட என்ன கேட்ட? மறைக்காம சொல்லு."

"உங்களுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லைன்னா, நான் ஒரு மாசம் எங்க அக்கா வீட்டுல போய் இருக்கலாமான்னு கேட்டேன்."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா எதுக்கு, ஏன், யாரு கூப்பிட்டாங்கன்னு கேப்பீங்க. பதில் சொல்லிச் சொல்லிச் சலிச்சுப்போச்சுங்க."

அடுத்த கேள்வி வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அவள் போனாள். அவர் மாத்திரை போட்டார், நடந்தார், தினமும் போனை முறைத்துப் பார்த்தார். மாசம் முடியும் சமயம், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாக அவள் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சரி. நல்லா ஓய்வு எடுத்துட்டு வா," என்றார்.



"என்னங்க," என்றாள் அவள், "மறுபடியும் நெஞ்சு வலிக்குதா? உண்மையைச் சொல்லுங்க."