வியாழக்கிழமை விமானம்

நான் ஏறிப் பார்க்காத விமானங்களுக்கெல்லாம் நாள் குறித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. கணபதி என்ற பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். எந்த விமானம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்ற பட்டியலைத் திருத்தும் வேலையை வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்று எங்களிடம் விட்டிருந்தது. அங்கிருந்து ஃபேக்ஸ் வரும்; நாங்கள் கம்ப்யூட்டரில் திருத்துவோம்.

ஒவ்வொரு வரியாகத் திருத்தினால் முடிகிற காரியமா? வேண்டிய வரிகளைக் குறித்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் மொத்தமாக மாறிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

துடியலூரில் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணமான நாற்பதாம் நாள் கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரை டம்ளர் அரிசி எனக்கு இரண்டு வேளைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடனும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடும். அந்த ஐப்பசியில் அவர் கடிதம் வந்தது. டிசம்பர் இரண்டாவது வியாழக்கிழமை, கொச்சி விமானத்துக்கு வாரேன் என்று பேச்சில் சொல்வது போலவே எழுதியிருந்தார். எங்கள் பட்டியலில் இருந்த விமானம்தான் அது. புதுத் தலையணை உறை தைத்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து ஃபேக்ஸ் வந்தது. டிசம்பரிலிருந்து வியாழக்கிழமை கொச்சி விமானங்கள் அத்தனையும் ரத்து. வரிகளைக் குறித்தேன். அவர் வரவேண்டிய நாளின் வரியை மட்டும் விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். கம்பெனி நிறுத்திய விமானத்தை நான் விட்டுவைத்தால் அது வந்து இறங்கிவிடுமா? அசட்டுத்தனம் என்று தெரிந்தும் அந்த வரிமேல் கை போகவில்லை.

மேலதிகாரி நல்ல மனிதர். கண் மட்டும் கழுகுக் கண்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு உட்டுப்போச்சாட்ட இருக்குதுங்களே?"

"சாப்பிட்டு வந்து மாத்திப்போடறனுங்க," என்றேன்.

சாப்பிடப் போகவில்லை. ஆபீஸ் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். பாழாய்ப் போகட்டும் என்று எதிரிலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போய்க் கணவருடைய கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். டிக்கெட்டை மாற்றிக்கொண்டால் வேறு கிழமையிலாவது வந்துவிடுவார்.

"ஏனுங்க, வியாழக்கிழமை பிளேன் நின்னுபோச்சுங்க. சனிக்கிழமைக்கு இப்பவே டிக்கெட்ட மாத்திப்போடுங்க."



"டிக்கெட்டே இன்னும் போடல கண்ணு," என்றார். "லீவும் கேக்கல. நீ வருத்தப்படுவீன்னுதான் அப்படி எழுதிப்போட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்ததால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"அடுத்த வருசம் பாக்கலாம். செரி, வாரேன்," என்று ஃபோனை வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் போகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். கடிதத்தில் இருந்ததும் அந்த வாரேன்தான் போலிருக்கிறது. நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன்.

திரும்பி வந்து அந்த வரியைத் திறந்தேன். ஒன்றே ஒன்றுக்கு எதற்கு மொத்தமாக மாற்றும் பொத்தான்? கையாலேயே மாற்றினேன்.

"முடிஞ்சுதுங்களாம்மா?" என்று கேட்டார் மேலதிகாரி.

"முடிஞ்சுபோச்சுங்க," என்றேன்.