தாத்தாவுக்கான பின் சீட்

போன கிழமை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒரு சின்னப் பிள்ளை "தாத்தா" என்று உரக்கக் கூப்பிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். ஹட்டன் பஸ்ஸுக்குள் இருந்த நரைத்த மனிதர் ஒருவர் ஜன்னலால் கையை நீட்டி, "இங்கிட்டு வாம்மா" என்றார். பிள்ளை ஓடிப்போய் ஏறிக்கொண்டது. எனக்கும் அந்தக் கூப்பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பஸ் கிளம்பி அதன் புகை அடங்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தாத்தா என்ற சொல்லுக்கு மூன்று சொந்தக்காரர்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது பாட்டன். சிங்களவர்களுக்கு அப்பா. அலவத்துகொடவில் எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி, அதாவது மற்றவர்களுடைய அக்கா. மூன்றுக்கும் ஒரே உச்சரிப்பு. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் யாரைச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்த செல்வத்திடம், "தாத்தாவுக்குப் புள்ள கெடச்சீக்கி, நாளக்கி நான் வரமாட்டேன்" என்றேன். செல்வம் மடுல்கலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"இந்த வயசுலயாங்க?"

"முப்பது கூட ஆகல்ல. அது ஒரு வயசா?"

செல்வம் என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயம் முதலாளி வரை போய், கடை முழுக்கச் சிரித்து முடிந்த பிறகுதான் எனக்கு லீவு கிடைத்தது. திகனவுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னபோது, தாத்தா நோவையும் மறந்து சிரித்தாள்.

எனக்கு நினைவு தெரியும் முன்பே வாப்பா மௌத்தாகிவிட்டார்; எங்கள் பேச்சில் வாப்பா என்றால் அப்பா, மௌத்து என்றால் மரணம். உம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள், தாத்தா என்னைப் பார்த்துக்கொண்டாள். முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போவதும் அவள்தான். ஆம்பளைகள் மட்டும் போகிற சலூனுக்குள் அவளால் வர முடியாது. வெளியே படியில் நின்றுகொண்டு, திரைச்சீலைக்கு இந்தப் பக்கமிருந்து, "பின்னால இன்னும் கொறைங்க" என்று உத்தரவு போடுவாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் கேட் வரை வந்து விட்டுவிட்டு, எதிர்க்கடை ஓரத்தில் காத்து நிற்பாள். மற்றப் பையன்கள் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். நான் தெருவைக் கடந்து தாத்தாவிடம் போவேன். அப்போது அதில் குறை எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை.

பைக் கதை ஒரு மழை நாளில் தொடங்கியது. அக்குறணையில் வெள்ளம் ஏறினால் மாத்தளை ரோட்டில் பஸ் நின்றுவிடும். இன்றும் அப்படித்தான். அன்று நாங்கள் இருவரும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். தாத்தா என் சப்பாத்தையும் தன் செருப்பையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் ஒரு பெண் கால்களை உயர்த்திக்கொண்டு, ஓட்டுகிறவரின் தோளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு போனாள். தாத்தா நின்று பார்த்தாள்.

"அது என்ன பைக், தம்பி?"

"ட்வின்." ரெட்டை சிலிண்டர் போட்ட ஜப்பான் பைக்கை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

"சத்தம் நல்லா ஈக்கி."

"நான் பெரியாளானா எடுப்பேன். ஒன்ன பின்னால ஏத்திக்கி போவேன்."

பத்து வயதில் ஆம்பளைப் பிள்ளைகள் என்னென்னவோ சொல்வார்கள். கேட்பவர்கள் மறந்துவிடுவதுதான் வழக்கம். தாத்தா மறக்கவில்லை. கலியாணமாகித் திகனவுக்குப் போன நாளில் கூட, எல்லோரும் அழுதுகொண்டிருக்க, என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "பைக்க மறந்துராத" என்றாள். திகனவிலிருந்து உம்மா வீட்டுக்கு வர அவளுக்கு இரண்டு பஸ். பைக் என்றால் கண்டிக்குப் போகாமல் மடவளை வழியே குறுக்காக வந்துவிடலாம். திரீவீலரில் வரலாமே என்று மச்சான் சொன்னால், "அதுல எல்லாரும்தான் போற" என்பாள்.

ட்வினின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது ரோட்டில் போகிற பைக்குகள் ஒன்று கத்துகின்றன, அல்லது பேட்டரியில் ஊமையாக ஊர்கின்றன. ட்வின் தணிந்த குரலில் பேசுகிற மனுஷன் மாதிரி. ஒரு நாள் அந்தக் குரல் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. நான் சிமெந்து மூட்டையை விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

அதிலிருந்து இறங்கியவர் பண்டார மாத்தயா; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. கட்டுகஸ்தோட்டையில் வீடு. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வவுனியாப் பக்கம் இருந்த காலத்தில் தமிழ் பிடித்துக்கொண்டார். நான் சிங்களத்தில் தொடங்கினாலும் விடமாட்டார், தமிழில்தான் பதில் சொல்வார். அந்தத் தமிழில் ஆண், பெண், மாடு, பஸ் எல்லாமே வந்தது, போனதுதான். அவர் அதில் பெருமைப்படுவார். நானும் அவரை மகிழ்விக்கத் தமிழிலேயே பேசுவேன்.

"இத எப்பயாவது குடுக்கிறதெண்டா எனக்குச் செல்லுங்க மாத்தயா," என்றேன் அன்றைக்கே. "எங்கட தாத்தாவ பின்னால ஏத்திக்கி போகணும்."

அவர் வாங்க எடுத்த குழாய் வாஷரைத் திரும்ப மேசையில் வைத்தார். "தாத்தாவயா?" என்றார். பிறகு, "கண் தெரியிற வரைக்கும் நான் ஓட்டுறது. பிறகு உங்களுக்குத்தான்" என்றார். மூன்று அர்த்தமும் தெரிந்த எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் நினைவில் இருந்தது.

அதற்குப் பிறகு கடைக்கு வரும்போதெல்லாம், "தாத்தா சுகமா?" என்று கேட்பார். "முழங்கால் நோவு மாத்தயா" என்றால், "வயசு போறதுதானே" என்பார். என்ன மனுஷன் இது, நாற்பதைத் தொடாதவளைப் போய் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு முறை கித்துள் கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்து, "பல்லு இருக்குதா? கடிக்க ஏலுமா?" என்று விசாரித்தார். இன்னொரு முறை காதையும் மூடுகிற கம்பளித் தொப்பி, மண்ணிற மங்கி கெப் ஒன்று. "பின்னால இருந்தா காத்து அடிக்கும். தாத்தாவுக்குக் குடுங்க."

தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ட மாத்தயாக்கு நான் ஆம்பளயாமா?" என்றாள். முக்காட்டுக்கு மேலேயே போட்டுப் பார்த்து, பிள்ளைகளைப் பயமுறுத்தினாள். மாத்தயா கொஞ்சம் ஒரு மாதிரி என்று நாங்கள் முடிவுக்கு வந்தோம்.

திகனவில் முஸ்லிம் கடைகளைச் சிங்களக் கும்பல் ஒன்று எரித்த அந்தக் கிழமை, பஸ் இல்லை, ஊரடங்கு. தாத்தா பிள்ளைகளோடு பக்கத்துச் சிங்கள வீட்டில் இருந்தாள். எனக்கு அலவத்துகொடவில் சோறு இறங்கவில்லை. போனில் அவள் குரல் தணிந்து வந்தது. "நீ வராத தம்பி. பைக் வந்தா வா. சும்மா வராத." பயத்திலும் என்னைச் சீண்ட அவளால் முடிந்தது. அன்று மாத்தயாவும் போனில் கூப்பிட்டார். "தாத்தா பத்திரமா?" என்றார். பத்திரம் என்றேன். "வெக்கமா இருக்குது, மகன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வேறு பைக் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். முதலில் கலியாணம், வீடு என்று நாள் போனது. பிறகு பிடிவாதம். ட்வின்தான், அதுவும் இந்த ட்வின்தான் என்று நின்றேன். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்றபோது பழைய பைக்குகளுக்கும் ஆட்கள் அலைந்தார்கள். மாத்தயாவின் வாசலுக்கும் வந்தார்கள். அவர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பெற்றோல் வரிசை ஊரைச் சுற்றி வளைத்த நாட்களில் பைக் அவர் வீட்டுக் கொட்டிலில் சாக்கு போர்த்தியபடி நின்றது.

தாத்தாவுக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, காலில் இறங்கியது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பஸ் படி ஏற முடியாமல் போனது. ஆஸ்பத்திரி வார்ட்டில் கட்டிலோரம் கதிரையில் இருந்தபோது, போர்வைக்குள் இருந்த அந்தக் காலைக் காட்டி, "இத வச்சிக்கி ஏறலாமா?" என்று கேட்டாள். பைக்கைத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நான் தூக்கி ஏத்துவேன்," என்றேன்.

"அப்ப கெதியா எடு."

அந்த மாதமே அவள் மௌத்தாகிவிட்டாள். திகன மையவாடியில் அடக்கினோம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மச்சானின் திரீவீலரில்தான் வந்தேன்.

மாத்தயாவின் போன் அதற்குப் பிறகுதான் வந்தது. கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, குருநாகலில் இருக்கும் மகளிடம் போகிறாராம். "வாங்க மகன். தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். போனில் எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தனியாகப் போனேன். பைக்கை முற்றத்தில் கழுவி நிறுத்தியிருந்தார். பின் சீட்டுக்குப் புதுப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். பின் கால்மிதிகளுக்குப் புது ரப்பர். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பற்ற வைத்திருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் கேட் வரை பார்த்தார்.

"தாத்தா எங்க?"

"மௌத்தாகிட்டா, மாத்தயா."

அவர் படியில் உட்கார்ந்தார். கையால் பக்கத்தில் தட்டி என்னையும் உட்காரச் சொன்னார். பைக்கின் பின் சீட்டைக் கையால் காட்டினார்.

"எங்கட தாத்தாவும் இதிலதான் வாறது. பின்னால. பன்சலையில கும்பிட, ஆஸ்பத்திரிக்கு. இங்க கை வைக்கிறது." தன் தோளைத் தொட்டுக் காட்டினார். பிறகு, எனக்கு விளங்காமல் போய்விடுமோ என்று, "தாத்தா எண்டா, அப்பா" என்று தமிழில் சொன்னார்.

கருப்பட்டி, பல்லு, வயசு, தொப்பி எல்லாம் ஒரே நேரத்தில் என் முன்னால் வந்து நின்றன.

"எத்தின ஆக்கள் இந்த பைக் கேக்கிறது," என்றார் மாத்தயா. "நண்பர்களோட சுத்த, பொம்பளப் புள்ளய ஏத்த. அப்பாவ ஏத்த வேணும் எண்டு யாரு கேக்கிறது? நீங்க மட்டும்தான். அதான் வேற ஆக்களுக்குக் குடுக்கல்ல."

என் தாத்தா என் சகோதரி என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் தலையில் கையை வைத்தார். "அப்பா போனா ஒரு பக்கம் வெறுமைதான், மகன்" என்றார்.

வாப்பா போனபோது வந்தவர்கள் உம்மாவிடம் சொன்னார்கள், தாத்தாவிடம் சொன்னார்கள். எனக்கு யாரோ பிஸ்கட் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்த ஆறுதல் வார்த்தையை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. சலூன் படியும் பள்ளிவாசல் எதிர்க்கடையும் நினைவுக்கு வந்தன. மாத்தயாவை நான் திருத்தவில்லை. திருத்த அதில் பெரிதாக ஒன்றும் இருந்ததாகவும் தோன்றவில்லை. அவர் முன்னாலேயே அழுதேன்.

மாத்தயா தந்த சாவியோடு, வீட்டுக்குப் போகாமல் மடவளை வழியே திகனவுக்கு ஓட்டினேன். மையவாடி மதிலோரம் பைக்கை நிறுத்தி, உடனே எஞ்சினை அணைக்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் இவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்றிருப்பார்கள். அந்தத் தணிந்த சத்தம் கொஞ்ச நேரம் மதிலுக்கு அந்தப் பக்கமும் போகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகுதான் இறங்கி சலாம் சொல்லி துஆ ஓதினேன். மச்சான் வீட்டுக்குப் போனபோது அலுமாரியிலிருந்து அந்த மங்கி கெப்பை எடுத்துத் தந்தார். அவள் அதை மடித்துத் தன் பெருநாள் உடுப்புகளோடு வைத்திருந்தாளாம்.

மாத்தயாவின் வீட்டை இப்போது இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் போன் விற்கிறார்கள். என் மகன் கண்டிப் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து தன் மூத்தவளை அக்கா என்கிறான். தாத்தா என்று கூப்பிடச் சொன்னேன். "தாத்தா எண்டா கெழவன்தானே, வாப்பா. கிளாஸ்ல சிரிக்கிறானுகள்" என்றான். அக்காவும் நல்ல சொல்தான். காலையில் என் மகளைத்தான் ட்வினின் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அவள் என் தோளைப் பிடிப்பதில்லை, மாத்தயா பற்ற வைத்த கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். நான் தாத்தா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒருத்தி இருந்தாள். இப்போது யார் யாரைத் தாத்தா என்று கூப்பிட்டாலும் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.